நெற்றிச் சாம்பலைத் துடைத்தது சோதனையில் விழுந்ததாகுமா?

கொட்டாஞ்சேனைவாசி (2025 மார்ச் 5, இரவு)

இன்று விபூதிப் புதன், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தின் முதல் நாள். அதிகாலைப் பூசைக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய்விட்டு, அங்கிருந்தே கோட்டையிலுள்ள அலுவலகத்திற்குப் பஸ் ஏறினேன். போன வருடத்துக் குருத்தோலைகளை எரித்தெடுத்த சாம்பலைச் சுவாமி கொஞ்சம் தாராளமாகவே இட்டுவிட்டார். கொழும்பின் மார்ச் மாதத்தைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை. ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தும், புறக்கோட்டையைத் தாண்டுவதற்குள் வியர்வை சாம்பலைக் கரைத்துக்கொண்டு மூக்குத்தண்டுக்கு இறங்கத் தொடங்கிவிட்டது.

பத்து மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் கூட்டம் இருந்தது. லிப்டுக்குள் ஏறியவுடன் எதிரே கண்ணாடி. அதில் தெரிந்த முகத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றேன். ஐந்தாம் மாடி வருவதற்குள் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன். கைக்குட்டையில் கறுப்பாக ஒரு கோடு ஒட்டியிருந்தது. அதை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தபோது, ஏதோ களவெடுத்ததை ஒளிப்பதுபோல இருந்தது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. சாம்பல் இடுகிற அதே பூசையில் வாசிக்கப்படுகிற நற்செய்தி, நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவிக்கொள் என்கிறது (மத்தேயு 6:17). எனவே நான் செய்தது நற்செய்திக்கு அமைவானதே என்று வாதாடலாம். வாதாடியும் பார்த்தேன், மனம் ஏற்கவில்லை. தவக்காலத்திற்கென்று தேநீரில் சீனியையும் மாமிசத்தையும் விட்டிருக்கிறேன். இரண்டும் எனக்குப் பெரிய பாடில்லை. முதல் நாளே வந்த உண்மையான சோதனை அந்த லிப்டுக் கண்ணாடிதானோ என்று நினைக்கிறேன். மற்றவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

வெள்ளவத்தையான் (மார்ச் 6)

எங்கள் மெதடிஸ்த சபையில் தவக்காலத்தை லெந்து என்றுதான் சொல்லிப் பழக்கம். சாம்பல் இடும் வழக்கம் என் சிறுவயதில் எங்களிடம் இருக்கவில்லை. ஆகவே சாம்பல் நெற்றியில் எத்தனை மணிநேரம் இருக்கவேண்டும் என்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் அறிந்தவரை உங்கள் திருச்சபையும் அதற்கு ஒரு விதி வைக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்தவுடன் எனக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசகம்தான் நினைவுக்கு வந்தது. லெந்தின் முதல் ஞாயிறாகிய மார்ச் 9 அன்று, இந்த வருடத்து ஒழுங்கின்படி உங்கள் கோவிலிலும் எங்கள் ஆலயத்திலும் லூக்கா 4:1-13 வாசிக்கப்படும்.

அந்தப் பகுதியைத் தனியே வாசித்தால் மூன்று ஆசைகளின் கதையாகத் தெரியும்: அப்பம், அதிகாரம், அற்புதம். அதற்கு முன்னுள்ள அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறிய இயேசுவுக்கு, "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் கேட்கிறது. அந்த நேரம்வரை அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கியதாக லூக்கா எழுதவில்லை. ஒரு பிரசங்கமும் செய்ததாக எழுதவில்லை. அதன்பின் லூக்கா ஒரு வம்ச அட்டவணையை இடையில் வைத்து, அதை ஆதாம்வரை கொண்டுபோய், ஆதாமைத் தேவனால் உண்டானவன் என்று முடிக்கிறார். அது முடிந்த கையோடு வனாந்தரம். அங்கே பிசாசு திறக்கிற முதல் வாக்கியம், "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்பது. ஆற்றங்கரையில் கேட்ட சத்தத்தை எடுத்து, அதற்கு முன்னால் ஒரு நிபந்தனையைப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். நிரூபித்துக் காட்டு என்பதே அவன் கேட்பது.

இயேசு நிரூபிக்கவில்லை. மூன்று முறையும் உபாகமத்தின் வசனங்களையே பதிலாகச் சொன்னார்; அவை இஸ்ரவேலர் நாற்பது வருடம் வனாந்தரத்தில் அலைந்ததைப் பற்றிய பகுதியிலிருந்து வருபவை. தாம் யார் என்பதைக் காட்சிப்பொருளாக்க மறுத்தார். அந்த வகையில் பார்த்தால், நெற்றியில் எதையும் காட்டாமல் கூட்டத்திற்குப் போனதில் தவறில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை (மார்ச் 6)

வெள்ளவத்தையான் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் முடிவில் சறுக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். காட்டிக்கொள்ள மறுப்பது ஒன்று, மறைப்பது வேறொன்று. வனாந்தரத்தில் நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு தவக்காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதன் மறுமுனையில், பெரிய வியாழன் இரவில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் பேதுரு நிற்கிறார். இயேசுவுக்கு வந்த சோதனை, தான் யாரென்று நிரூபிக்கச் சொன்ன சோதனை. அவருடைய சீடரான பேதுருவுக்கு வந்தது, தான் யாரென்று ஒப்புக்கொள்ளச் சொன்ன சோதனை; அவரை அறியேன் என்று மறுதலித்துவிட்டார். கேட்டவர்களும் பெரிய ஆட்கள் இல்லை. ஒரு பணிப்பெண்ணும் அங்கே நின்ற சிலருமே. நம்மில் பெரும்பாலோருக்குக் கல்லை அப்பமாக்கிக் காட்டும்படி யாரும் சவால் விடப்போவதில்லை. பணிப்பெண்ணின் கேள்வி மட்டும் எல்லோருக்கும் வரும்.

மத்தேயு 26:73ஐ நான் வாசிக்கும்போதெல்லாம் கொழும்புதான் கண்முன் வரும். பேதுருவின் கலிலேயப் பேச்சு அவரைக் காட்டிக்கொடுத்தது. பேச்சு காட்டிக்கொடுப்பது என்றால் என்னவென்று இந்நகரத்தில் 1983 ஜூலைக் கலவரத்தை வாழ்ந்து கடந்த தமிழருக்கு விளக்கவேண்டியதில்லை. அப்போது நாங்கள் பம்பலப்பிட்டியில் வாடகைக்கு இருந்தோம். என் அம்மா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். ஆனாலும் பொட்டு வைக்காமல் வாசற்படி இறங்கமாட்டார். அந்தத் திங்கட்கிழமை மதியம், பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை வேலியைத் தாண்டி அழைத்துக்கொண்டபோது, அம்மா சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தார். குங்குமம் முழுதாகப் போகவில்லை. எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தார். நெற்றி சிவந்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை நான் ஒருநாளும் மறுதலிப்பு என்று எண்ணியதில்லை. பிள்ளைகளின் உயிருக்காகத் துடைத்தது அது.

தம்பி, உங்கள் நெற்றியைத் துடைத்ததற்கு உயிர்ப்பயம் காரணம் என்று நீங்களே சொல்லமாட்டீர்கள். எதற்காகத் துடைத்தீர்கள் என்று முதலில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். கோபிக்கவேண்டாம், முப்பத்தொரு வருடம் பிள்ளைகளிடம் கேட்டுப் பழகிய வாய்.

ஜிந்துப்பிட்டி அன்பன் (மார்ச் 7)

நான் சைவன். இந்த இழையில் ஒரேயொரு விடயத்தைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன். நீங்கள் விபூதிப் புதன் என்று அழைக்கும் நாளின் பெயரிலுள்ள சொல் எங்கள் வீட்டு மாடத்தில் தினமும் இருக்கிறது. இருபது வருடமாக மூன்று குறியோடுதான் வேலைக்குப் போகிறேன். முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது வாசலில் நின்று அழித்தேன், வேலையும் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "நீறு உதிரும், திரும்பப் பூசலாம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து அழிக்கத் தோன்றவில்லை. வருடத்தில் ஒருநாள் மட்டும் பூசுகிறவருக்குக் கூச்சம் அதிகமாக இருப்பது இயல்புதானே.

கொட்டாஞ்சேனைவாசி (மார்ச் 7, இரவு)

ஆசிரியை அம்மா பேதுருவை எடுத்துவைத்தபின், முதல் பதிவில் நான் விட்டுவிட்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் நண்பர் எதிர்ப்பட்டார். அவர் முஸ்லிம். அவர்களுக்கு நோன்பு தொடங்கி அன்று சில நாட்களே ஆகியிருந்தன, உதடு காய்ந்திருந்தது. "இன்றைக்குத்தானே உங்களுக்கும் நோன்பு தொடங்குகிறது? போன வருடம் நெற்றியில் வைத்திருந்தீர்களே, இந்த முறை காணோம்?" என்று கேட்டார். அவர் குறைசொல்லும் நோக்கத்தில் கேட்கவில்லை. தானும் நோன்பிருப்பதால், துணைக்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டார். நான் சொன்ன பதில்: "பூசைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை."

துடைத்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, போன பூசைக்கே போகவில்லை என்று சொல்லிவிட்டேன். கைக்குட்டை அப்போதும் பைக்குள்தான் இருந்தது. துடைத்தது சரியா பிழையா என்று இங்கே கேட்டது, இந்தப் பொய்யைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் என்று இப்போது விளங்குகிறது.

வசனம் மட்டும் (மார்ச் 8)

தாழ்மையுடன் கேட்கிறேன்: லெந்து என்று ஒரு காலத்தை அனுசரிக்கும்படி வேதத்தில் எங்கே எழுதியிருக்கிறது? சாம்பலும் நாற்பது நாட்களும் மனிதர் ஏற்படுத்தியவை. இல்லாத கட்டளையை மீறியதற்காக இந்தச் சகோதரர் தேவையில்லாத குற்றவுணர்வில் இருக்கிறார் என்பது என் கருத்து.

வெள்ளவத்தையான் (மார்ச் 8)

கட்டளை இல்லை என்பது சரி. ஆனால் பழக்கம் மிகப் பழையது. 325இல் நடந்த நிசேயா மகாசபையின் ஐந்தாம் விதி, ஆயர்கள் கூடவேண்டிய காலத்தைக் குறிக்கும்போது நாற்பது நாட்களை எல்லோரும் அறிந்த ஒன்றாகவே குறிப்பிடுகிறது. அதைவிட, இந்தச் சகோதரரை வருத்துவது லெந்து விதியை மீறியது அல்லவே. நண்பரிடம் பொய் சொன்னது வருத்துகிறது. அதற்கு வேதத்தில் கட்டளை இருக்கிறது.

மலைநாட்டான் (மார்ச் 9, ஞாயிறு)

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். பன்னிரண்டு வருடமாகப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்து, கடைக்கு மேலேயே மூன்று பேருடன் தங்கியிருக்கிறேன். மேலே எழுதியவர்களைப்போல எனக்கு விவரமாக எழுத வராது. ஆனாலும் சோதனை என்ற சொல்லை வாசித்தவுடன் எனக்குச் சாம்பலும் கண்ணாடியும் நினைவுக்கு வருவதில்லை. தவறணைதான், அதாவது சாராயக் கடைதான், நினைவுக்கு வரும்.

கடையிலிருந்து பஸ் நிலையத்திற்குப் போகிற நேர்வழியில் ஒன்று இருக்கிறது. மாலை ஆறரைக்குக் கடை பூட்டி வெளியே வரும்போது, அந்தக் கதவு திறந்து மூடும் இடைவெளியில் வருகிற வாடை போதும். கால் தானாகத் திரும்பும். போயா (பௌர்ணமி) நாட்களில் பூட்டியிருப்பதால், மாதத்தில் ஒருநாள் மட்டும் அந்த வழியில் நிம்மதியாக நடப்பேன். போன வருடம் தவக்காலத்தில் குடிக்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு, பதினாறாம் நாள் விழுந்தேன். விழுந்ததைவிட, அடுத்த நாள் கடையில் கூட இருப்பவர்கள் சிரித்ததுதான் பெரிதாக வலித்தது. எனக்கு அங்கே பெயர் ஒன்று உண்டு. ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "தண்ணி" என்றால் நான்தான். பொருள் எடுக்க வருகிற வியாபாரிகளுக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

இன்று பூசையில் லூக்கா நற்செய்தியை வாசித்தபோது வெள்ளவத்தை அண்ணன் எழுதியதை நினைத்துக்கொண்டு கேட்டேன். ஒன்றும் செய்துகாட்டுவதற்கு முன்னமே, என் மகன் என்று கடவுள் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் புதிதாகக் கேட்டது. என்னிடம் வருகிற குரல் வேறு மாதிரியானது. "நீ கடவுளின் பிள்ளை என்றால் அற்புதம் செய்" என்று அது சொல்வதில்லை. "நீ தண்ணிதானே, பிறகு என்ன?" என்று சொல்கிறது. அதுதான் என்னைக் கதவுக்குள் தள்ளுகிறது. ஆசை பாதி, இந்தப் பெயர் பாதி.

இந்த முறை இரண்டு காரியம் செய்திருக்கிறேன். சம்பளத்தில் என் சாப்பாட்டுச் செலவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நேராக மனைவியின் கணக்குக்குப் போடச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, கெய்சர் வீதி வழியாகச் சுற்றிப் போகிறேன். பத்து நிமிடம் கூடுதல், சுமை தூக்கும் நாட்டாமைமாரின் தள்ளுவண்டிகளுக்கிடையில் நுழைந்து போகவேண்டும். சோதனையோடுகூடத் தப்பிக்க வழியும் கடவுள் செய்வார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை எங்கள் சுவாமி அடிக்கடி சொல்வார். எனக்கு அந்த வழி ஒரு தெருவாகவே கிடைத்திருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை (மார்ச் 9)

மலைநாட்டுத் தம்பிக்கு: எழுத வராது என்று இனிமேல் சொல்லவேண்டாம். "ஆசை பாதி, இந்தப் பெயர் பாதி" என்பதை என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெள்ளவத்தையான் (மார்ச் 10)

மலைநாட்டுச் சகோதரரின் பதிவை மூன்று முறை வாசித்தேன். என் முதல் பதிவில் ஒரு திருத்தம் செய்யவேண்டும் என்று தோன்றுகிறது. பிசாசின் வாக்கியத்தைச் சந்தேகத்தை எழுப்பும் வாக்கியமாக நான் விளக்கியிருந்தேன். மூலத்திலுள்ள கிரேக்க இடைச்சொல் "என்றால்" என்றும் வரும், "என்பதால்" என்ற சாயலிலும் வரும். பின்னதாக எடுத்தால், "நீர்தான் தேவகுமாரன் ஆயிற்றே, பசியோடு ஏன் இருக்கவேண்டும்?" என்ற தொனி கிடைக்கிறது. அங்கே அடையாளம் மறுக்கப்படவில்லை. அதைச் சொந்த வசதிக்குப் பயன்படுத்தச் சொல்லித் தூண்டப்படுகிறது. படித்தவர்களுக்கும் பதவியிலுள்ளவர்களுக்கும் சோதனை அநேகமாக இந்தத் தொனியில்தான் வரும். மலைநாட்டாருக்கு வருவதோ, அடையாளத்தையே பறித்துவிட்டு வேறு பெயரைச் சூட்டுகிற குரல். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன என்று நினைக்கிறேன்.

தமிழில் நமக்கு ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. பாவத்திற்கு இழுப்பதும் சோதனை, தரத்தைப் பரிசோதிப்பதும் சோதனை. கிரேக்கச் சொல்லும் அப்படித்தான் இரு பொருளையும் சுமக்கிறது. அதனால்தான் கர்த்தருடைய ஜெபத்தின் அந்த வரி எல்லா மொழிகளிலும் தொல்லை கொடுத்திருக்கிறது. எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று இருக்கிறது. அப்படியென்றால் கடவுளே சோதனைக்குள் தள்ளுகிறாரா என்று ஞாயிறு பாடசாலையில் கேட்டு ஆசிரியரைத் திணறடித்திருக்கிறேன். கத்தோலிக்கச் சகோதரர்கள் "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று செபிப்பார்கள். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த வரியின் மொழிபெயர்ப்பைக் குறித்துப் பேசி, 2020இன் இறுதியில் இத்தாலியத் திருப்பலி நூலில் அது மாற்றப்பட்டபோது உலகமே விவாதித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே விழவிடாதேயும் என்றுதான் சொல்லிவந்தார்கள். இந்த ஒரு வரியில் உங்கள் பாட்டிமாரைப் பார்த்து எனக்குப் பொறாமைதான்.

இன்னொன்று. வருடத் தொடக்கத்தில் எங்கள் சபைகளில் உடன்படிக்கை ஆராதனை நடக்கும். நான் இனி எனக்குரியவன் அல்ல, உமக்குரியவன் என்று அதில் எல்லோரும் சேர்ந்து சொல்வோம். என்னை வேலையில் அமர்த்தினாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்று அந்த ஜெபம் தொடரும். நாற்பது வருடமாகச் சொல்லிவந்தும், ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற இடத்தில் என் குரல் தணிந்துவிடும். நான் ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. பதவியின் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள முடியாத முதல் திருமண வீட்டில், "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டபோது வாயடைத்து நின்றேன். பழைய பதவியைத்தான் கடைசியில் சொன்னேன். உங்கள் கைக்குட்டையைப் போல எனக்கும் ஒன்று இருக்கிறது, கொட்டாஞ்சேனையாரே.

ஓய்வுபெற்ற ஆசிரியை (மார்ச் 11)

சோதனை என்றால் எங்கள் தலைமுறைக்கு இன்னொரு பொருளும் இருந்தது: சோதனைச் சாவடி. யுத்த காலத்தில் காலி வீதியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைக் கேட்பார்கள். தமிழருடைய அட்டையில் விவரங்கள் தமிழிலும் இருக்கும். அதைப் பார்த்தவுடன் அடுத்த கேள்வி எழும். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே தங்கியிருக்கிறீர்கள், பொலிஸ் பதிவு இருக்கிறதா. நான் யார் என்பதை நான் சொன்னால் போதாது, ஒரு துண்டுக் கடதாசி சொல்லவேண்டும் என்ற நிலையில் வருடக்கணக்காக வாழ்ந்தோம். அட்டையைப் பரிசோதித்த பையனைப் பிசாசு என்று நான் சொல்லவரவில்லை. பலர் என் மாணவர்களின் வயதுப் பிள்ளைகள், அவர்களும் பயந்துதான் நின்றார்கள். சொல்லவருவது இதுதான்: அடிக்கடி நிரூபிக்கச் சொல்லிக் கேட்கப்படுகிறவன், கேட்கப்படாத இடத்திலும் நிரூபிக்கத் தொடங்கிவிடுவான், அல்லது ஒளிக்கத் தொடங்கிவிடுவான். இந்த இரண்டு பழக்கமும் எங்களிடம் ஊறிக்கிடக்கின்றன. விசுவாசத்திலும் அதையே செய்கிறோம்.

நெற்றியைத் துடைப்பதா வைத்திருப்பதா என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் புனித யோசே வாஸ் அடிகளிடம் இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலம். 1687இல் குரு என்ற அடையாளம் ஒன்றும் தெரியாதபடி, ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணத்திற்கு வந்து சேர்ந்தார். வேடம் முழு வேடம்தான். ஆனால் கத்தோலிக்கர் யார் என்று கண்டுகொள்வதற்காகக் கழுத்தில் செபமாலையை மாட்டிக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. ஆபத்தானவர்களிடமிருந்து மறைத்தார், தேவைப்பட்டவர்களுக்குக் காட்டினார். தனக்காக இரண்டையும் செய்யவில்லை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். எனக்கு அந்தச் செபமாலைதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டாஞ்சேனைத் தம்பி, உங்கள் நண்பருக்கு அன்று உங்கள் சாம்பல் தேவைப்பட்டிருக்கிறது.

கொட்டாஞ்சேனைவாசி (மார்ச் 14)

சொல்லிவிட்டேன். நேற்று மாலை வேலை முடிந்து அவர் நோன்பு திறக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, அவருடைய மேசைக்குப் போய், "அன்றைக்குப் பூசைக்குப் போயிருந்தேன், நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் உங்களிடம் போகவில்லை என்றேன்" என்று சொன்னேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பாங்கு நேரத்திற்குக் கைப்பேசியைப் பார்த்தார், பேரீச்சம்பழப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: "2019இல் நான் தொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேனே, அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அதுதான் இந்த இழையில் நான் எழுதவேண்டிய கடைசி விடயம். அந்த வருடம் ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு காலையில், எங்கள் கொச்சிக்கடைக் கோவிலிலும் கட்டுவாப்பிட்டிக் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தபின், நான் இறுதிச் சடங்குகளுக்கு மட்டும் வெளியே போய் வந்துகொண்டிருந்தேன். மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்குள் ஒரு மூலையில் திருப்தி எழுந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவே இரண்டு வருடம் எடுத்தது. அந்த நாட்களில் இவர் தொப்பியில்லாமல் அலுவலகத்திற்கு வந்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் எனக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லை. நாங்கள் அடிபட்டவர்கள் என்ற அடையாளம் அப்போது எனக்குக் கவசம்போல இருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் பக்கத்து மேசைக்காரனின் பயத்தைப் பார்க்கவேண்டியதில்லை. வாழ்க்கையில் எனக்கு வந்த மிகப் பெரிய சோதனை அது. அதில் விழுந்தேன் என்று தெரியாமலே விழுந்து கிடந்தேன்.

இவ்வளவையும் அவரிடம் சொல்லவில்லை. தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். இரண்டு பேரீச்சம்பழம் சாப்பிட்டேன். சீனி விட்ட கணக்கில் அது சேருமா என்று பிறகுதான் யோசித்தேன்.

ஜிந்துப்பிட்டி அன்பன் (மார்ச் 15)

விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தினமும் வந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். பேரீச்சம்பழம் சேராது என்பது என் தீர்ப்பு.

ஓய்வுபெற்ற ஆசிரியை (ஏப்ரல் 15, பெரிய செவ்வாய்)

புத்தாண்டு இந்த முறை பெரிய வாரத்திற்குள் வந்துவிட்டது. நேற்றுக் காலை கீழ்வீட்டுச் சிங்கள அம்மா கவுமும் கொக்கிஸும் பால்சோறும் அடுக்கிய தட்டை மூடிக்கொண்டு படியேறி வந்தார். அவருக்கும் முழங்கால் வலி. ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறிய சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. இனிப்பை விட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லலாம். சொன்னால் அவர் மதிப்பார், தட்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு அத்தனை படியும் இறங்குவார். உட்காரவைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, ஒரு கவுமை முழுதாகச் சாப்பிட்டேன். அன்றிரவு சோறு சாப்பிடாமல் படுத்தேன். இதை யாராவது பிழை என்று சொன்னால் கேட்கத் தயார். ஆனால் திருந்துவேன் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

கொட்டாஞ்சேனைவாசி (ஏப்ரல் 22)

எல்லோருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். கோவில் வாசலில் இந்த வருடமும் பைகளைத் திறந்து காட்டித்தான் உள்ளே போனோம். நேற்று ஆறாவது நினைவு நாள். பிற்பகலில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்த செய்தியும் வந்து சேர்ந்தது. கோவிலில் பெயர்கள் பொறித்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அலுவலக நண்பர் கூட வந்திருந்தார். அவர் தொப்பி போட்டிருந்தார்.

மலைநாட்டு அண்ணன், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

மலைநாட்டான் (ஏப்ரல் 24)

நாற்பது நாளும் முடிந்தது. ஒருமுறை கதவுவரை போய்த் திரும்பினேன், உள்ளே போகவில்லை. கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் மட்டும் அந்தோனி அண்ணன் என்று கூப்பிடுகிறான். மற்றவர்கள் பழைய பெயரில்தான்.

தவக்காலம் இருக்கும்வரை ஒரு வேலி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அந்த வாசகத்தின் கடைசி வரியை டீச்சரோ வெள்ளவத்தை அண்ணனோ விளக்கவில்லை, நானே திரும்பத் திரும்ப வாசித்தேன். சோதனையெல்லாம் முடித்தபின் அலகை (பிசாசு) ஏற்ற காலம் வரும்வரை அவரை விட்டு அகன்றது என்று லூக்கா எழுதியிருக்கிறார். நாளைக்குச் சம்பள நாள். முதலாளி மனைவியின் கணக்குக்குப் போடுவார், ஆனால் பெருநாள் விற்பனைக்கென்று கையில் கொஞ்சம் தனியாகத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். ஆறரைக்குக் கடை பூட்டும். கெய்சர் வீதி வழியாகத்தான் போவேன். அந்த நேரத்தில் முடிந்தவர்கள் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கள். வெள்ளவத்தை அண்ணன் உங்கள் முறைப்படி எதுவென்றாலும் சொல்லுங்கள்.